மகளுக்குக் காட்டிய மஞ்சள் அட்டை

நகராட்சி லாரி ஷெட்டில் போய் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. விசில்காரர் என்று கேட்டால் வாட்ச்மேன்கூடக் கையை நீட்டிக் காட்டுவார். விடிவதற்குள் குப்பை லாரியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர். லீவு நாட்களில் கறுப்புச் சட்டையும் கறுப்பு அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போவார்.

"வாரம் பூரா நாத்தத்துல நிக்கிறோம். அது போதாதுன்னு லீவு நாள்ல போய்த் திட்டும் வாங்கிட்டு வர்றாரு பாரு" என்று மொட்டை கேலி செய்வான். மொட்டை, லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டு வந்து தொட்டிகளைக் கவிழ்க்கிறவன். அவனுக்குத் தலை நிறைய முடி. என்றைக்கோ பேன் தொல்லை தாங்காமல் தலையை மழித்ததோடு பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

விசில்காரருக்கு ஆடத் தெரியாது. சின்ன வயதில் ஆசையாக ஆடப் போய், பந்து ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று இருந்ததில் அவரை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. லாரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், காலி மனையில் இரண்டு தெருப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்ததை நின்று வேடிக்கை பார்த்தார். அடிதடி வரைக்கும் போய்விட்டது. யாரோ ஒருவர் அவர் கையில் ஒரு விசிலைத் திணித்து, "அண்ணே, நீங்க எந்தப் பக்கமும் இல்ல, நீங்களே பாருங்க" என்றார். அவர் ஊதினார். ஓடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்றார்கள். நின்று, அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

அது அவருக்குப் புதிது. லாரி தெருவுக்குள் நுழைந்தால் ஜன்னல் சாத்துவார்கள், மூக்கைப் பொத்துவார்கள், குழந்தையை உள்ளே இழுப்பார்கள். ஓட்டுகிறவன் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? அன்றைக்கு அவர் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார்.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. விதிகளை மனப்பாடம் செய்தார். லாரியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக் கைகாட்டிப் பழகினார். ஒரு தடவை சிக்னலில் நிற்கும்போது ஏதோ ஞாபகத்தில் கையை வெளியே நீட்டி உயர்த்திவிட, பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டு நின்று, கண்டக்டர் இறங்கி வந்து நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கதையை மொட்டை ஷெட்டில் எத்தனை முறை சொன்னானோ தெரியாது. ஒவ்வொரு முறையும் பஸ்ஸின் நீளம் கூடிக்கொண்டே போனது.

ஆனாலும் வேலையை விட்டுக்கொடுக்க மாட்டார். அதற்குக் காரணம் அவருடைய அப்பா. அப்பா சாயப்பட்டறையில் இருந்தவர். நன்றாக டிரம்பெட் வாசிப்பார். ஊர் ஊராகப் போகும் ஒரு பாண்டுக் குழு கூப்பிட்டதும், பட்டறை வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். எப்போதாவது வருவார், பளபளக்கும் சட்டையோடு. அம்மா ஊரார் துணிகளைத் தேய்த்துத் தேய்த்து, வலது தோள் இடது தோளைவிட இறங்கிப்போனது. அப்பா ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது இருமல் மட்டும்தான் மிச்சம். டிரம்பெட்கூட எங்கேயோ போய்விட்டிருந்தது. அப்போதே விசில்காரர் மனதில் ஒன்று முடிவாகிவிட்டது. ஆசை இருக்கலாம், ஆனால் அது அடுப்பங்கரைக்குள் வரக் கூடாது. வாசலோடு நிற்க வேண்டும்.

அப்படியேதான் வைத்திருந்தார். ஒரு நாள் லாரிக்கு மட்டம் போட்டதில்லை. அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. பெரிய பெரிய அண்டாக்களோடு மல்லுக்கட்டும் வேலை. ஒரே மகள். மகளுக்கு ஆடத் தெரிந்திருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. "அப்பனுக்கு வராத கால் பொண்ணுக்கு வந்துடுச்சு" என்று மனைவிதான் சொல்லிச் சிரிப்பாள். மகள் படிப்பு முடிந்து ரொட்டிக் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலைக்குப் போனாள். வேலை முடிந்ததும் பாலத்தடிப் பெண்கள் அணியில் பயிற்சி. ரொட்டி வாசனையோடு போய் மண்ணோடு வருவாள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மகளுக்கு ஆட்டம் இருக்கிற நாட்களில்தான் அப்பாவுக்கும் ஆட்டம் இருக்கும். வேறு வேறு மைதானங்களில். "இந்த வாரமாவது வாப்பா" என்பாள். "அடுத்த வாரம் கட்டாயம்மா" என்பார். அடுத்த வாரம் வேறொரு அழைப்பு வரும், அதையும் ஒப்புக்கொள்வார். இப்படியே அவள் சிறுமியாக இருந்து பெரிய பெண்ணாகிவிட்டாள். அவள் ஆடி முழுதாக ஓர் ஆட்டத்தை அவர் பார்த்ததில்லை. அவளுடைய புதுக் கோச்சுக்கு அவர் முகமே தெரியாது.

நடுவர்களில் படிகள் உண்டு. கீழ்ப்படியில் இருப்பவர்களுக்குத் தெருப்போட்டிகள், பள்ளிப்போட்டிகள். அடுத்த படிக்கு ஏறினால்தான் பெரிய லீக் ஆட்டங்கள், நெஞ்சில் பேட்ஜ். அதற்குச் சங்கத்திலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து, உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். விசில்காரருக்கு முன்பு இரண்டு முறை அந்த வாய்ப்பு வந்தது. ஒரு முறை குப்பைக்கிடங்கில் லாரிகள் வரிசையில் மாட்டிக்கொண்டன. இன்னொரு முறை மொட்டைக்குக் காய்ச்சல், டபுள் டிரிப். இரண்டு முறையும் லாரிதான் ஜெயித்தது. அடுத்த வருஷம் அதற்கான வயது வரம்பு தாண்டிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை, குப்பைக்கிடங்கில் நிற்கும்போது சங்கச் செயலாளரிடமிருந்து போன் வந்தது.

"இன்னிக்குச் சாயந்தரம் செமிஃபைனல். போட்டிருந்த ரெஃப்ரிக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. நீ வர்றியா? மதிப்பீட்டாளரும் வர்றாரு. உனக்கு இதுதான் கடைசி சான்ஸ்னு வச்சுக்கோ."

"வர்றேன் சார். கண்டிப்பா வர்றேன். யார் யாருக்கு சார் ஆட்டம்?"

"மில் டீமுக்கும் பாலத்தடிப் பொண்ணுங்களுக்கும்."

காக்கைகள் லாரி மேல் இறங்கிக்கொண்டிருந்தன.

"ரெண்டு பக்கமும் உனக்குச் சொந்தக்காரங்க, வேண்டியவங்க யாரும் இல்லையே?" செயலாளர் எல்லா நடுவரிடமும் எல்லா ஆட்டத்துக்கும் கேட்கிற கேள்விதான் அது.

"இல்ல சார்" என்றார்.

எப்போதும் சொல்கிற பதில் என்பதால் தானாக வந்துவிட்டது என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். அப்படியில்லை என்பது அவருக்கே தெரியும். சாயந்தரம் வரை நேரம் இருந்தது. போன் சட்டைப்பையில்தான் இருந்தது. திரும்பக் கூப்பிட்டு, "சார், என் பொண்ணு ஆடுறா" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். மத்தியானம் முழுக்க ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் மகள் அவரைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"நீயாப்பா?"

"ஆமா. கூப்பிட்டுட்டாங்க."

"நீ பண்ணலாமா?"

"ஒண்ணும் ஆகாது. நீ உன் ஆட்டத்தை ஆடு, நான் என் வேலையைப் பார்க்கிறேன். இங்க அப்பான்னு மட்டும் கூப்பிட்டுடாதே."

"சரிங்க சார்" என்று நெற்றியில் கை வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெயிண்ட் ஃபேக்டரி மேடம் வந்திருக்காங்கப்பா. அவங்க டீமுக்கு ஆள் எடுக்கிறாங்களாம். எடுத்தா வேலையும் அங்கேயே. காலைல வேலை, மத்தியானம் பிராக்டிஸ். நினைச்சுப் பாரேன்" என்றாள்.

அவர் நினைத்துப் பார்த்தார். வேலையும் ஆசையும் ஒரே கதவு வழியாக வருகிற வீடு. தன் அப்பாவுக்கும் தனக்கும் கிடைக்காதது.

ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது, ஓடியதால் அல்ல. தன் மகள் இவ்வளவு நன்றாக ஆடுவாள் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பந்து அவளிடம் வந்தால் அடங்கி நின்றது. எதிராளி கால் நீட்டும் முன்பே அவள் அந்த இடத்தில் இருக்க மாட்டாள். இத்தனை வருஷம் இதைப் பார்க்காமல் யாரோ வீட்டுப் பிள்ளைகளுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தோமே என்று நினைத்துக்கொண்டே ஓடினார். பெருமைப்படக்கூடப் பயமாக இருந்தது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

மில் அணி ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரம். மகள் நடுவிலிருந்து பந்தை எடுத்தாள். ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், பெனால்டி கட்டத்துக்குள் நுழைந்தாள். அவரும் பக்கத்திலேயே ஓடினார். அவளுக்கு முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான். அப்போது பின்னாலிருந்து வந்த மில் அணிப் பெண் அவள் காலைத் தட்டிவிட்டாள். பந்தில் கால் படவே இல்லை. ஷூ முனை கணுக்காலில் இடித்த சத்தம்கூட அவர் காதில் விழுந்தது. மகள் முட்டி தேய விழுந்தாள்.

விசில் வாயில் இருந்தது. ஊதினார். பெனால்டிக்காகத்தான் ஊதினார். எல்லாரும் நின்று அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"டைவ் அடிச்சா! டைவ் அடிச்சா!" என்று மில் அணி பெஞ்சிலிருந்து கத்தினார்கள். கோட்டுக்கு வெளியே நாற்காலியில் தொப்பி போட்ட மதிப்பீட்டாளர் எழுந்து நின்றிருந்தார். நாளைக்கு இவள் என் மகள் என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள், கடைசி நிமிஷத்தில் மகளுக்குப் பெனால்டி கொடுத்தான் என்பார்கள், ஏறுகிற படி உடைந்துபோகும். இத்தனையும் ஒரே நொடியில் ஓடியது. அந்த நொடியில் அவர் தரையில் கிடந்த மகளைப் பார்க்கவில்லை. தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கை சட்டைப்பைக்குப் போனது. மஞ்சள் அட்டையை எடுத்து, அவள் முகத்துக்கு நேரே உயர்த்தினார். நடித்து ஏமாற்றப் பார்த்ததற்கான அட்டை.

அவள் கத்தவில்லை. அவளுடைய அணிப் பெண்கள்தான் அவரைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அவள் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள், புரியாத ஒரு பாஷையைக் கேட்டவள் மாதிரி. பிறகு தன் இடத்துக்குத் திரும்பி ஓடினாள், லேசாக நொண்டி.

பாலத்தடி அணி தோற்றது. வெளியே போகும்போது பெயிண்ட் ஃபேக்டரி மேடம் யாரிடமோ சொன்னது அவர் காதில் விழுந்தது. "அந்தப் பொண்ணுகிட்ட வேகம் இருக்கு. ஆனா ஏமாத்துற புத்தி எங்களுக்கு வேணாம்."

மதிப்பீட்டாளர் வந்து கையைக் குலுக்கினார்.

"நான் உட்கார்ந்த இடத்திலேருந்து சரியாத் தெரியல. நீங்க பக்கத்துல இருந்தீங்க. நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

"ரொம்பத் தைரியம். வேற ஆளா இருந்தா கூட்டத்துக்குப் பயந்து பெனால்டி கொடுத்திருப்பான். இந்த மாதிரி ஆள்தான் மேல வரணும்."

"தேங்க்ஸ் சார்" என்றார் விசில்காரர். காதெல்லாம் எரிந்தது.

வீட்டில் மனைவி விஷயம் தெரியாமல், "பாஸா?" என்று வாசலிலேயே கேட்டாள். தலையாட்டினார். அவள் சந்தோஷமாகப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லக் கிளம்பியபோதுதான் மகள் வந்தாள். நேராகக் குழாயடிக்குப் போய் முட்டியைக் கழுவினாள். அவர் பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு போய் நின்றார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்க எங்க நின்னீங்க?" என்றாள்.

'நீ வாப்பா, போப்பா' என்றே பேசி வளர்ந்த பெண். அந்த 'நீங்க' முட்டிக் காயத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"பக்கத்துலதாம்மா. ஆனா யாரோ குறுக்கே வந்து மறைச்சிட்டாங்க."

"யாரும் மறைக்கல. உங்களுக்கும் எனக்கும் நடுவுல யாருமே இல்ல."

அவர் பஞ்சைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள்.

பேட்ஜ் வந்தது. ஷெட்டில் எல்லாருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுக்க வைத்துவிட்டான் மொட்டை. "எங்க விசில்காரர் இனிமே பெரிய ரெஃப்ரி. குப்பைத்தொட்டியை நிமிர்த்தி வைக்காம வந்தா எனக்கும் கார்டு காட்டுவாரு" என்று ஒரு பிரசங்கமே செய்தான். பிறகு, "அன்னைக்கு ஒரு பொண்ணு நல்லா நடிச்சு விழுந்தாளாமே? சரியான கேடியாமே? முகத்துக்கு நேரா கார்டைக் காட்டினீங்களாமே? என் மச்சான் பார்த்துட்டு வந்து சொன்னான். அவளுங்களுக்கெல்லாம் இப்படித்தான் வேணும்" என்றான்.

அவன் விசில்காரர் வீட்டில் பலமுறை சாப்பிட்டவன். அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வைத்து விளையாட்டுக் காட்டியவன். அவள்தான் இவள் என்று அவனுக்குத் தெரியவில்லை. விசில்காரர் சிரித்தார். சிரித்தபடியே பன்னை மென்றார். விழுங்க முடியாமல் லாரிக்குப் பின்னால் போய்த் துப்பினார்.

மகள் வேலைக்குப் போனாள், பயிற்சிக்குப் போனாள், வந்தாள். வீட்டில் சண்டை எதுவும் இல்லை. கேட்டால் பதில் சொன்னாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் அவர் லாரியை மைதானத்துச் சுவரோரம் நிறுத்தித் தொட்டி எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே பெண்கள் பயிற்சி. பக்கத்தில் பயிற்சி செய்த வேறோர் அணிப் பெண்கள், "ஏய் நடிகை, பார்த்து, விழுந்துடப்போறே" என்று கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற அவருக்கு, யாரைச் சொல்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

லாரியை ஷெட்டில் விட்டார். குளிக்கக்கூட இல்லை, அப்படியே சங்க அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஃபேனைக் கூட்டினார். விசில்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சார், அன்னைக்கு செமிஃபைனல்ல நான் கார்டு கொடுத்தது தப்பு. அது பெனால்டி."

"யாராவது கம்ப்ளைண்ட் பண்ணாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் உனக்கென்னய்யா வந்துச்சு? ஃபைனலும் முடிஞ்சு, கப்பைக் கொண்டுபோய் ஷோகேஸ்ல வச்சுப் பூட்டியாச்சு. இப்ப வந்து பெனால்டிங்கிறே. யார் போய் உதைக்கிறது?"

"கப்பெல்லாம் வேணாம் சார். அந்தப் பொண்ணு நடிக்கலன்னு மட்டும் சங்கம் சொல்லிட்டா போதும்."

"எந்தப் பொண்ணுக்காக நீ இவ்வளவு தூரம் வந்திருக்கே?"

"என் பொண்ணு சார்."

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் துடைத்தார்.

"போன்ல கேட்டேனே, யாரும் இல்லையேன்னு."

"கேட்டீங்க சார்."

"இல்லன்னியே."

அவர் தலை குனிந்தார். தன் காலடியில் ஷூவிலிருந்து உதிர்ந்த ஈரக் குப்பை, அந்தச் சுத்தமான தரையில் ஒரு திட்டாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பேட்ஜைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நீண்ட தடையும் விதித்தார்கள். அது முடிவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆனால் அட்டையை ரத்து செய்ய மறுத்துவிட்டார்கள். களத்தில் நடுவர் கொடுத்த முடிவு முடிவுதான், பிறகு வந்து யாரும் மாற்ற முடியாது. அந்த விதியை அவரே பல கோச்சுகளிடம் எடுத்துச் சொல்லி வாயடைத்திருக்கிறார்.

விஷயம் வெளியே பரவியது. அவர் எதிர்பார்த்தபடி பரவவில்லை. 'அந்தப் பெண் நடிக்கவில்லை' என்ற பகுதியை யாரும் எடுத்துப் போகவில்லை. 'ரெஃப்ரி அவளோட அப்பாவாம்' என்பது மட்டும் கால் முளைத்து ஓடியது. கோச் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இதை ஏன் மறைத்தாய் என்று கேட்டார். அணிப் பெண்கள் கொஞ்ச நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோச் கேட்ட அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"யாரைக் கேட்டுப் போய்ச் சொன்னீங்க?"

"உன் பேரு கெட்டுப்போச்சேன்னுதாம்மா..."

"என்னைக் கேட்டீங்களா? கார்டு காட்டும்போதும் கேட்கல. இப்ப சொல்லும்போதும் கேட்கல. அன்னைக்கு உங்க பேட்ஜுக்காகப் பண்ணீங்க. இன்னைக்கு உங்க மனசு லேசாகணும்னு பண்ணீங்க. நடுவுல நான் எங்கப்பா இருக்கேன்?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. மனசு லேசாகும் என்று நினைத்துத்தான் போயிருந்தார். ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

மனைவி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே போனதும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார்.

"உங்கப்பா வீட்டைப் பார்க்காமப் போனாரு. நீங்க அவரை மாதிரி ஆகக் கூடாதுன்னு வீட்டை நல்லாத்தான் பார்த்தீங்க. அரிசி இருக்கா, வாடகை கட்டியாச்சா, எல்லாம் பார்த்தீங்க" என்றாள். "பிள்ளையைத்தான் பார்க்காம விட்டுட்டீங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

தடை வந்த பிறகு லீவு நாட்களில் அவருக்குப் போக இடமில்லை. முதல் சில வாரங்கள் வீட்டிலேயே கிடந்தார். பிறகு ஒரு நாள் மகளின் ஆட்டத்துக்குப் போனார். உள்ளே போகவில்லை, தெரிந்தவர்கள் இருப்பார்கள். மைதானத்தின் கடைசியில், கம்பி வேலிக்கு வெளியே, மரத்தடியில் நின்று பார்த்தார். அடுத்த வாரமும் போனார். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை. வரக் கூடாது என்று சொல்லவில்லை. எங்கேயாவது கால் தட்டினால் அவர் கை தானாக மேலே கிளம்பும். பக்கத்தில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். கையைக் கொண்டுபோய் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. மகள் இப்போதெல்லாம் விழுவதில்லை. எவ்வளவு மோசமாகத் தட்டினாலும் தடுமாறி, கையை ஊன்றி, எப்படியாவது எழுந்து ஓடினாள். ஒரு முறை சட்டையைப் பிடித்து இழுத்தே தள்ளினார்கள். சின்னக் குழந்தைக்கும் தெரியும் அது ஃபவுல் என்று. மற்றப் பெண்கள் எல்லாரும் நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். அவள் மட்டும் தூக்கவில்லை. நடுவர் இருக்கிற பக்கமே திரும்பவில்லை. எழுந்தாள், ஓடினாள். வேலியோரம் நின்ற ஒருவர், "பாருய்யா, எவ்வளவு நேர்மையான பொண்ணு" என்றார். விசில்காரர் அந்த இடத்தை விட்டு நகர்ந்து, மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வீட்டில் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. 'நீங்க' எப்போது மறுபடியும் 'நீ' ஆனது என்று அவர் கவனிக்கவில்லை. ஏதோ ஒரு நாள், "அப்பா, நீ என் சாக்ஸைப் பார்த்தியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் மன்னிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவள் தலையில் கட்ட அவருக்கு மனம் வரவில்லை.

பெயிண்ட் ஃபேக்டரி அவளைக் கூப்பிடவே இல்லை. அடுத்த பருவத்தின் முடிவில் வேறோர் ஊரிலிருந்து, பாட்டில் கம்பெனி அணி ஒன்று கூப்பிட்டது. பெரிய அணி இல்லை. ஆனால் வேலை உண்டு, தங்க இடம் உண்டு, ஆட்டமும் உண்டு. அதில் அவருடைய பங்கு எள்ளளவும் இல்லை. அவளே ஆடி அவளே வாங்கியது. சேர்த்துவிடப் போகும் நாளில் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை. "நீ வர்றியாப்பா?" என்றாள் மகள். லாரி வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக அவர் மட்டம் போட்டார்.

பாட்டில் கம்பெனி அணியின் கோச் நடுத்தர வயதுப் பெண்மணி, கலகலப்பானவர். அலுவலக அறையில் இருவரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். தங்குமிடம், ஷிப்ட், பயிற்சி நேரம் எல்லாம் சொல்லி முடித்தார்.

"உன் ஆட்டம் நிறையப் பார்த்திருக்கேன்மா. கால் நல்லா இருக்கு, சரி. ஆனா எனக்குப் பிடிச்சது வேற. நீ ஒரு தடவைகூட ரெஃப்ரிகிட்டக் கை தூக்கிக் கேட்டதில்ல. அடி வாங்கினாலும் எழுந்து போய்க்கிட்டே இருக்கே. இதை யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

விசில்காரர் கையிலிருந்த டம்ளரையே பார்த்தார்.

"யாரும் இல்ல மேடம். தானா வந்துடுச்சு" என்றாள் மகள்.

"வீட்ல யாராவது ஆட்டத்துல இருந்தாங்களா?"

"இல்ல மேடம். அப்பா குப்பை லாரி ஓட்டுறாரு" என்றாள். குரலில் துளித் தயக்கம் இல்லை. தலை நிமிர்ந்துதான் சொன்னாள்.

"நல்லது. சீக்கிரம் எழுந்துக்கிற பழக்கம் வீட்லயே இருக்குன்னு சொல்லு" என்று கோச் அவரைப் பார்த்துச் சிரித்தார். "பொண்ணை நல்லா வளர்த்திருக்கீங்க சார்."

"ஆமாங்க" என்றார். எதற்கு ஆமாம் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. டம்ளரை மேஜை மேல் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த ஆட்டோவில் இன்னும் இருக்கும் மகளின் பெட்டியை இறக்குவதற்காக வெளியே நடந்தார்.